அரை வைத்தியர்களின் பில்லிங் சாஃப்ட்வேர்

நிரலாக்கம் படிக்க ஆகச் சிறந்த வழி, ஒரு முழு வணிக மென்பொருளை அடி முதல் நுனி வரை தானே எழுதிப் பார்ப்பது. இதை யார் சொன்னாலும் கும்பிட்டு ஏற்கலாம். ஆனால் வேளச்சேரி மின்கம்பத்தில் போஸ்டராக ஒட்டப்படும் வரைதான் எந்த நல்ல யோசனைக்கும் ஆயுள். ஒட்டிய மறுநாள் அது மூன்று மாத பேட்ச், நூறு சதவீத பிளேஸ்மென்ட், 'ரியல் டைம் புராஜெக்ட்' என்று ஆகிவிடுகிறது.

அந்த ரியல் டைமைத் திறந்து பாருங்கள். ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் இருக்கும். யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். பொருளைச் சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். நேற்று போட்ட பில்லையும் அழிக்கலாம். பில் எண் நிதியாண்டுக்குள் வரிசையாக, இரட்டிக்காமல், 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி. இங்கே 41க்கு அடுத்து 43 நிற்கும். 42 எங்கே என்று கேட்டால், "டெலீட் பட்டன் நல்லா வேலை செய்யுது சார்" என்று பெருமையாகப் பதில் வரும். வாங்கிய சோப்பை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால் அதை எடுத்துக்கொள்ள அந்த மென்பொருளில் இடமே கிடையாது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர் சிலபஸில் இல்லை.

வரி விகிதம் புரோகிராமுக்குள்ளேயே 12 என்று குத்தப்பட்டிருக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று 12ம் 28ம் கிட்டத்தட்ட ஒழிந்து 5, 18, 40 என்று ஆனது. பையன் என்ன செய்வான்? 12ஐ அழித்து 5 என்று எழுதுவான். உடனே போன வருடத்து பில்களும் புது விகிதத்தில் அச்சாகும்! அன்றைய பில்லுக்கு அன்றைய வரி என்பது மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தெரியும். பாடம் எடுப்பவருக்குத் தெரியாது. அவர் போன பேட்ச் மாணவர்.

பணத்தை 'டபுள்' என்ற வகையில் வைப்பார்கள். அந்த வகையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் விடை 0.30000000000000004. காசுக்கு ஆகாத வகை அது. ஜாவாவில் இதற்கென்றே 'பிக்டெசிமல்' 1997லேயே வந்துவிட்டது. அல்லது எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணில் வைத்தால் தீர்ந்தது. கேட்டால், "இன்டர்வியூல அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா" என்கிறார்கள். கேட்கத்தான் மாட்டார்கள். கேட்பவரும் அப்படி வந்தவரே.

கல்லூரிகள் இன்னும் ஒரு படி மேல். ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் கடையில் வாங்கலாம்: மென்பொருள், ரிப்போர்ட், பிபிடி, வைவாவில் வரும் கேள்விகளும் பதில்களும் எல்லாம் ஒரே பையில். ரிப்போர்ட்டில் போன வருடம் வாங்கியவன் பெயர் ஓரிரு பக்கத்தில் அப்படியே கிடக்கும். கையெழுத்துப் போடும் பேராசிரியர் பார்த்துவிட்டு மார்ஜின் அளவைத் திருத்தச் சொல்வார்.

பையன்கள்மீது எனக்குக் கோபமில்லை. அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணத்தில், தப்பாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறவர்கள் அவர்கள். கோபமெல்லாம், கற்றுக்கொள்வதற்கென்று எழுதிய மென்பொருளையும் கல்லாவில் உட்கார வேண்டிய மென்பொருளையும் ஒன்றென்று விற்பவர்கள்மீதுதான். இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. கோட்டும் டையும் போட்ட இடத்திலும் இதே கதை நடந்தது.

பிரிட்டன் அஞ்சலகங்களுக்காக, ஃபுஜிட்சுவின் கையிலிருந்த ஐசிஎல் நிறுவனம் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை எழுதியது. எட்டுப் பேர் குழுவில் இருவர் மிகக் கெட்டிக்காரர்கள், இருவர் சுமார், மூன்று நான்கு பேர் வேலைக்கே ஆகாதவர்கள் என்று அங்கே மேலாளராக இருந்தவரே பின்னாளில் இதுபற்றி நடந்த விசாரணையில் சாட்சி சொன்னார். ஓர் எண்ணின் குறியை மாற்ற முன்னால் கழித்தல் குறி போட்டால் போதும். அவர்கள் அந்த எண்ணிலிருந்து அதன் இருமடங்கைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். எழுதியவருக்கு அடிப்படைக் கணக்கே தெரியவில்லை என்று 1998லேயே உள்ளறிக்கை ஒன்று தலையில் அடித்துக்கொண்டது. அறிக்கையை மூடிவைத்துவிட்டு 1999இல் மென்பொருளை நாடெங்கும் இறக்கினார்கள்.

ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் அஞ்சலகத்தில் 8,000 பவுண்டை ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது திரை உறைந்தது. மறுபடி மறுபடி என்டர் தட்டியதில் கணக்கில் 24,000 பவுண்டு துண்டு விழுந்தது. ஒரே பொத்தானை இரண்டு முறை தட்டினால் என்ன ஆகும் என்பது முதல் மாதப் பாடம். இது நடந்தது 2015இல். அதற்குள், இப்படித் துண்டு விழுந்த கணக்குகளால், அஞ்சலகம் நடத்திய 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டிருந்தார்கள். கணினி சரியாகவே இயங்கியது என்று எடுத்துக்கொள்வது இங்கிலாந்து நீதிமன்ற வழக்கம். பிழை என்று நிரூபிக்கும் பாரம் அஞ்சலகம் நடத்தியவர் தலையில். வெஸ்ட் பைஃப்லீட்டில் அஞ்சலகம் நடத்திய சீமா மிஸ்ரா 2010 நவம்பரில் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய 2024இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது விசாரணைக் குழுவின் 2025 அறிக்கை. சிறைக்குப் போனவர்களில் புரோகிராம் எழுதியவர் ஒருவருமில்லை.

நம் பயிற்சி நிலையங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மாணவர் எழுதிய 'ரியல் டைம்' பில்லிங் சாஃப்ட்வேரை உங்கள் ஃபீஸ் கவுன்டரிலேயே ஒரு மாதம் ஓட விடுங்கள். தவணை கட்டியவன், பாதியில் நின்றவன், ஒரே ரசீதை இரண்டு தடவை வாங்கியவன், பணத்தைத் திருப்பிக் கேட்பவன் என்று எல்லா ரகமும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். செய்ய மாட்டீர்கள். உங்கள் கவுன்டரில் ஓடுவது டேலி.