கம்பம் எண் 17 முதல் 24 வரை

அனுப்புநர்: ஒன்பதாவது வார்டில் ஒழுங்காக வீட்டு வரி கட்டும் ஒருவன்

பெறுநர்: உயர்திரு. நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: நிகர பூஜ்ஜிய உமிழ்வு நகரத் திட்டம் – எங்கள் தெருவை முன்மாதிரித் தெருவாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மனுக்கள் ஐந்து.

ஐயா,

பார்வையில் கண்ட ஐந்து மனுக்களையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் தெருவில் 17-ஆம் கம்பம் முதல் 24-ஆம் கம்பம் வரை எட்டு விளக்குகளும் காலை ஆறு மணிக்கு எரிய ஆரம்பித்து, மாலை ஆறு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் அணைந்துவிடுகின்றன என்று மூன்று வருஷமாகப் புகார் சொல்லிவந்தேன். கம்பத்துப் பெட்டியில் டைமர் தலைகீழாகக் கிடக்கிறது, ஆள் வந்தால் இரண்டு நிமிஷ வேலை என்றும் அதிகப்பிரசங்கித்தனமாக எழுதியிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை இந்தத் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்த பிறகுதான் புத்தி வந்தது.

கூட்டம் கல்யாண மண்டபத்தில். அன்றைக்குப் பார்த்து பராமரிப்பு மின்தடை. வாசலில் ஜெனரேட்டர் வண்டியை நிறுத்தி ஏ.சி.யை ஓட்டினீர்கள். டீசல் உமிழ்வு பற்றி ஆலோசகர் பேசிய பகுதி மட்டும் ஜெனரேட்டர் சத்தத்தில் காதில் விழவில்லை. மற்றதெல்லாம் தெளிவாகக் கேட்டது. பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. பொழுது சாய்ந்தால் பலகைகள் படுத்துவிடும், அப்புறம் அனல் மின் நிலையம்தான் கைகொடுக்க வேண்டும். ஆகவே மின்சாரத்தை முடிந்தவரை பகலில் செலவழிக்கப் பழகுங்கள் என்றார்.

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட்டுக்குப் பலகை விரித்துவிட்டார்கள். அந்த மின்சாரம் வரும் நேரத்தில் மட்டும் எரிந்து, நிலக்கரி மின்சாரம் வரும் நேரத்தில் அணைந்து கிடக்கும் தெருவிளக்குகள் வேறெங்கே இருக்கின்றன? இரவில் நாங்கள் செல்போன் டார்ச் அடித்துக்கொண்டு சாக்கடை மூடியைத் தாண்டுகிறோம். அந்த போனையும் இனிமேல் பகலிலேயே சார்ஜ் போட்டு வைத்துக்கொள்கிறோம்.

தாங்கள் திட்டம் தீட்டுவதற்கு முன்பே அதை அமல்படுத்திவிட்டீர்கள் என்பது கண் திறந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்குப் பேட்டரி வண்டி கொடுத்திருக்கிறீர்கள். பன்னிரண்டு வண்டிக்கு ஷெட்டில் சார்ஜ் போடும் பிளக் இரண்டுதானாம். முந்தைய நாள் முறை கிடைக்காதவர்களின் வண்டி ரயில்வே கேட் ஏற்றத்தில் நின்றுவிடும். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பால் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டு போகிறார். மக்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மக்காதது நீலத் தொட்டியில். ஏற்றத்தில் இரண்டும் சரிந்து ஒன்றாகிவிடுகின்றன. அந்த வண்டிக்குப் பெட்ரோலும் செலவில்லை, கரண்டும் செலவில்லை. திட்ட அறிக்கையின் அட்டையில் போட்டிருக்கும் காற்றாலைப் படத்தை எடுத்துவிட்டு அக்காவின் படத்தைப் போடலாம்.

குப்பைக் கிடங்கு விஷயத்தில் நான் செய்தது இன்னும் பெரிய பாவம். வாரம் ஒருமுறை அங்கே தீப்பிடிப்பதைப் பற்றி முதல்வரின் முகவரிக்கே மனுப் போட்டவன் நான். மட்கும் குப்பையை மூச்சுமுட்டக் குவித்தால் மீத்தேன் கிளம்பும், அது நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். மீத்தேனை எரித்தால் கரியமில வாயுவாகிவிடுமாம். அப்படியானால் கிடங்குக்குத் தீ வைக்கும் அந்த அடையாளம் தெரியாத புண்ணியவான் 28-ஐ வெகுவாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார். கூடவே பிளாஸ்டிக்கும் எரிந்து அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் இருமுகிறார்கள். நகராட்சி அதை உமிழ்வுக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் வரும். மட்கும் குப்பையை உரமாக்கும் நுண்ணுரக் கூடத்தின் பூட்டு துருப்பிடித்திருப்பது பற்றி இனி மூச்சு விட மாட்டேன்.

நகராட்சி அலுவலக மொட்டை மாடியிலிருக்கும் சூரியப் பலகைகளையும் குறை சொல்லியிருந்தேன். இன்வெர்ட்டர் பழுதாகி வருஷக்கணக்கில் கிடக்கிறது என்பது மூன்றாவது மனு. பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தபோது மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கேன்டீன் அம்மா பலகைமேல் வேட்டித் துணி விரித்து வெங்காய வடகம் காயவைத்திருந்தார். சூரிய சக்திதானே. ருசியும் நன்றாக இருந்தது.

அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. நூற்று நாற்பது பக்கம் ஆங்கிலம், நாலு பக்கம் தமிழ். அந்த நாலில் ஒரு பக்கம் கடல் மட்ட உயர்வு, அலையாத்திக் காடு வளர்ப்பு. நம் ஊரிலிருந்து கடலைப் பார்க்க நாலு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். கடலே நம்மைத் தேடி வரும்வரை அரிப்பைத் தடுக்க அவகாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நகராட்சியின் மின்கட்டணத்தில் பெரும்பங்கைத் தின்னும் தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் ஏழாம் இணைப்பில் ஓர் அடிக்குறிப்பாக இருக்கின்றன. அவற்றை மாற்ற தில்லியையோ சென்னையையோ கேட்க வேண்டியதில்லை என்பதால் முக்கியத்துவம் குறைந்துவிட்டது போலும்.

நிகர பூஜ்ஜியத்தை எட்டும் வருஷக் கணக்கும் பிரமாதம். நாட்டுக்கு 2070 என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் பிரதமர் சொன்னார். சென்னை மாநகராட்சி 2023-இல் வெளியிட்ட செயல்திட்டத்தில் 2050 என்றது. தாங்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 2060 என்று வைத்துவிட்டீர்கள். தாங்கள் வந்து பதினோரு மாதம் ஆகிறது. முன்னால் இருந்தவர் பதினாலு மாதம் இருந்தார். இந்த வேகத்தில் 2060-க்குள் முப்பது ஆணையர்களாவது மாறியிருப்பார்கள். பதில் சொல்ல வேண்டிய ஆணையர் இப்போது எங்கோ ஒரு பால்வாடியில் சத்துமாவு உருண்டை தின்றுகொண்டிருப்பார். அவருக்கு இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கோப்பில் வைக்க வேண்டுகிறேன்.

எங்கள் தெருவில் கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கும் அண்ணனிடம் உமிழ்வுக் கணக்கெடுப்புக்கு வந்த பெண் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கரி என்று கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். ஜெனரேட்டர் வண்டிக்காரரிடம் யாரும் கேட்கவில்லையாம். விட்டுப்போயிருக்கும், சேர்த்துக்கொள்ளவும்.

எனவே எட்டு விளக்குகளையும் இப்போதுள்ளபடியே 2060 வரை காப்பாற்றி, முன்மாதிரித் தெரு என்று பலகை ஒன்று நட்டுத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பலகையைப் பகலில் வந்து திறந்து வையுங்கள். வெளிச்சம் அமோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
17-ஆம் கம்பத்துக்கு எதிர் வீட்டுக்காரன்

பி.கு: இதை எழுதி உறையில் போட்ட பிறகு ஓர் அசம்பாவிதம். தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் நேற்றுச் சாயங்காலம் டெஸ்டரோடு வந்து, பெட்டியைத் திறந்து, டைமரைத் திருப்பிவிட்டுப் போய்விட்டார். எட்டும் ராத்திரியில் எரிகின்றன. திட்டத்துக்குக் குந்தகம் விளைவித்ததாக அவர்மேல் நடவடிக்கை எடுப்பதானால், கடை இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். இருட்டில் தேட வேண்டியதில்லை.