இருக்கையில் ஆளின்மை: பொதுக் கணினிகளின் தானியங்கு வெளியேற்றம் குறித்து ஒரு பேராய்வு

1. ஆய்வு நோக்கம்

சும்மா இருப்பதைப் பெரும்பேறு என்று சித்தர்கள் கொண்டாடிய நாடு இது. அதே நாட்டு அலுவலகங்களில் 900 நொடி சும்மா இருப்பவரைக் கணினி வெளியே தள்ளுகிறது. இம்முரணை ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் முன்வராத காரணத்தால், நிதியுதவி ஏதுமின்றி, டீ இடைவேளைகளிலேயே இவ்வாய்வு நடத்தப்பட்டது. ஆய்வுக் களம்: பல பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே சிஸ்டம் கொடுக்கப்பட்டுள்ள எந்த அலுவலகமும். கருதுகோள் ஒன்றே: கணினிக்குச் சோம்பலை அளக்கத் தெரியாது, விரலசைவை மட்டுமே அளக்கத் தெரியும்.

2. முன்னோர் மொழிந்தவை

கணினியைப் பலர் பங்கிடுவதற்கும் அதற்காக ஏய்ப்பதற்கும் ஏறத்தாழ ஒரே வயது. எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் 1961இல் சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வு முறையை இயக்கிக் காட்டினர். ஆளுக்கொரு பாஸ்வேர்டும் வந்தது. வாரத்துக்கு 4 மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்த ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், 1962இல் எல்லோருடைய பாஸ்வேர்டையும் அச்சிட்டு எடுத்துக் கூடுதல் நேரம் தேடிக்கொண்டார். மானிட்டரின் அடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்துக்கொள்ளும் வசதி பாவம், அவருக்கு இருந்திருக்கவில்லை.

யூனிக்ஸ் வழிவந்தோர் பேஷ் ஷெல்லில் டிஎம்அவுட் என்றொரு மாறியை வைத்தனர். அதில் குறித்த நொடிகளுக்குள் கட்டளை வராவிட்டால் ஷெல் தானே மூடிக்கொள்ளும். ஆனால் விஐ எடிட்டரைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவரை அது தொடாது. ஷெல் கட்டளைக்குக் காத்திருக்கும்போதுதான் அந்தக் கணக்கு ஓடும். விண்டோஸ் என்.டி.க்கான ரிசோர்ஸ் கிட்டிலோ வின்எக்ஸிட் என்ற ஸ்கிரீன் சேவர் வந்தது. பிற ஸ்கிரீன் சேவர்கள் மீனும் குழாயும் காட்டின. இது நொடிகளை இறங்குமுகமாக எண்ணிக் காட்டி ஆளை லாக் ஆஃப் செய்தது. திறந்திருப்பவற்றை வலுக்கட்டாயமாக மூட ஒரு கட்டமும் அதில் உண்டு. அதில் டிக் போட்ட அட்மின்களுக்கு விழுந்த சாபங்கள் தனி ஆய்வுக்குரியன.

மின்னணு மருத்துவத் தகவல்களைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதி, சும்மா கிடக்கும் அமர்வைக் குறித்த நேரத்தில் முடிக்கச் சொல்கிறது. எத்தனை நிமிடம் என்று சொல்லவில்லை. வங்கி அட்டைகளுக்கான பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். தரமோ 15 நிமிடம் என்று கறாராகச் சொல்கிறது. நோயைக் காட்டிலும் பணத்துக்கே நேரம் துல்லியம் என்பது இதனாற் பெறப்படும்.

3. சும்மா இருப்போரின் வகைகள்

விண்டோஸ், கடைசியாக விசை தட்டிய அல்லது மவுஸ் அசைந்த கணத்தைக் குறித்துக்கொள்கிறது. இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதே 'சும்மா'. இவ்வளவுகோலின்படி பயனர் நால்வகையர்.

அ) உடல் நீங்கியோர்: நாற்காலியில் கைக்குட்டையோ கைப்பையோ இருக்கும். கேட்டால், "இங்கதான் இருந்தாரு, வந்துடுவாரு" என்று பக்கத்து இருக்கை சாட்சி சொல்லும்.

ஆ) உள்ளம் நீங்கியோர்: உடல் சிஸ்டத்தின் முன்னும் கண் செல்போனிலும் இருக்கும்.

இ) உழைப்போர்: கோப்பை மடியில் விரித்துப் பேரேட்டைப் பென்சிலால் கூட்டிச் சரிபார்ப்பவர். மூன்றாம் முறை கூட்டி விடை ஒத்துவரும் தருணத்தில் திரையில் பாஸ்வேர்டு கேட்கப்படும்.

ஈ) அசைப்போர்: காலை முதல் சீட்டாடுபவர். இவரை எக்காலத்தும் எக்கணினியும் வெளியேற்றியதில்லை. மவுஸைத் தானே அசைக்கும் கருவி வாங்குவோரும் இவ்வகையில் அடங்குவர். விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் பாசாங்கு செய்தார்கள் என்று 2024இல் ஓர் அமெரிக்க வங்கி பன்னிரண்டு பேருக்கும் மேல் வேலைநீக்கம் செய்தது.

உழைப்பவர் வெளியேற, சீட்டாடுபவர் நிலைத்தலின், கருதுகோள் மெய்யாயிற்று.

4. தடையும் விடையும்

அற்றேல், லாக் செய்தால் போதாதோ, லாக் ஆஃப் எதற்கு எனின், தனக்கென ஒரு சிஸ்டம் உடையவர்க்குப் போதும். பொதுக் கணினிக்குப் போதாது. விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001 முதல் ஒருவர் வெளியேறாமலே இன்னொருவர் உள்ளே நுழைய வழி உண்டு. ஆனால் முன்னவர் திறந்தவை எல்லாம் நினைவகத்தில் அப்படியே கிடக்கும். நான்காம் ஆள் நுழையும்போது கணினி முக்கும். அவர் தேடும் எக்செல் கோப்போ, இன்னார் திருத்திக்கொண்டிருப்பதால் பூட்டப்பட்டுள்ளது என்னும். அந்த இன்னார் அந்நேரம் தாம்பரம் ரயிலில் இருப்பார்.

அற்றேல், சேவ் செய்யாதவற்றின் கதி என்ன எனின், அதுவே இத்துறையின் தீராச் சிக்கல். மென்மையாக வெளியேற்ற முயன்றால், "சேமிக்கவா?" என்று கணினி கேட்டு, பதில் சொல்ல ஆளின்றி நின்றுவிடும். வலுவாக வெளியேற்றினால் வேலை போகும். எக்செல் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுத்துவைக்கும். பிரவுசரில் முக்கால்வாசி நிரப்பிய படிவத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

5. பரிந்துரைகள்

ஒன்று: தனிக் கணினியை லாக் செய்க, பொதுக் கணினியை மட்டும் லாக் ஆஃப் செய்க. இரண்டு: வெளியேற்றும் முன் திரை நிறைய எச்சரிக்கை வருக, ஒரு நிமிடமேனும் அது நிற்க. மூன்று: எத்தனை நிமிடம் என்பதை முடிவுசெய்யும் அட்மின், அதற்குமுன் ஒரு முழுநாள் அந்தப் பொதுக் கணினியில் அமர்ந்து பேரேடு கூட்டிப் பார்க்கக் கடவர். இம்மூன்றாம் பரிந்துரையை எந்த அலுவலகமும் ஏற்காது என்பதை ஆய்வாளர் அறிவார்.

எனவே இறுதி வேண்டுகோள் வாசகருக்கே. "சார், சிஸ்டத்துல யாரு இருக்கீங்க?" என்று ஒருவர் உங்கள் பின்னால் வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் சேவ் செய்யுங்கள், அடுத்து லாக் ஆஃப் செய்யுங்கள், பிறகு எழுந்திருங்கள். அரை நிமிட வேலைதான்; டீ ஆறிவிடாது.