இழுமுனைத் தேய்வியல்: நூற்பாவும் உரையும் புறனடையும்

இழுக்கும் முனையே தேயும், இணையோ
கழற்றிய பெட்டியின் வாசம் மாறாது.

என்பது என் நுதலிற்றோ எனின், சாஃப்ட்பால் வீசும் சிறுமியரின் ஷூவுக்கு நேரும் கதியை உணர்த்துதல் நுதலிற்று. நூற்பாவும் உரையும் ஒருவனே எழுதியவை. இத்துறையில் வேறு ஆள் அகப்படவில்லை.

'இழுக்கும் முனை' என்றது என்னையோ எனின்: பிட்சர் என்பவள் 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள ரப்பர் தட்டில் கால் வைத்து, கையைக் காற்றாலைபோல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் கீழிருந்து பந்தை விடுகிறாள். வலக்கைக்காரிக்கு இடது கால் முன்னே பாயும். தட்டை உதைத்த வலது கால், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகும் பிள்ளைபோல, கட்டைவிரல் முனையால் மண்ணைத் தேய்த்துக்கொண்டே பின்னால் வரும். 'முனையே' என்பதில் ஏகாரம் பிரிநிலை. குதிகாலும் தேயாது, அடிப்பகுதியும் தேயாது என்பதாம். 'இணை' என்றது தேயாத மற்றக் கால் ஷூவை. 'இணையோ' என்பதில் ஓகாரம், பணம் கொடுத்த தகப்பனின் பெருமூச்சைக் குறித்து நின்றது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1887ஆம் ஆண்டு நன்றி நவிலும் நாளில், சிகாகோவின் ஃபாராகட் படகுக் கழகத்துக் கூடத்துக்குள், ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிக் கோலால் அடித்து விளையாடியதில் பிறந்தது இந்த ஆட்டம். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதற்கு விதி வகுத்தார். 'சாஃப்ட்பால்' என்ற பெயர் 1926இல்தான் வந்தது. நமக்கு வேண்டியது ஒரே குறிப்பு: ஆட்டம் பிறந்தது மரத்தரையில். அது மண்ணுக்கு இறங்கிய பிறகே இத்துறைக்கு வேலை வந்தது. சாஃப்ட்பாலின் உள்மைதானத்தில் புல்லே கிடையாது. மணலும் களிமண்ணும் கலந்த வெற்றுத்தரை. உப்புத்தாளை விரித்துப்போட்டு அதன்மேல் பிள்ளையை ஓடவிடுவது போலத்தான்.

எவ்வளவு தூரம் தேய்கிறது? ஒரு வீச்சுக்கு மூன்றடி இழுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயிற்சிக்கு 80 வீச்சு, வாரம் மூன்று நாள், வருடத்தில் 40 வாரம். 9,600 வீச்சு, 28,800 அடி. அதாவது ஒரு கட்டைவிரல், உடம்பில் வேறு யாருடைய துணையுமில்லாமல், தரையில் எட்டே முக்கால் கிலோமீட்டர் தவழ்ந்து போகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் 413 பந்துகள் வீசித் தங்கம் வாங்கித் தந்தார். உலகம் அவருடைய தோளை எண்ணி வியந்தது. இவ்வாய்வாளன் அவருடைய வலது ஷூவை எண்ணித் தூக்கமிழந்தான்.

உரசலுக்கும் தேய்மானத்துக்கும் என்றே ஓர் அறிவியல் உண்டு. 1966இல் இங்கிலாந்தில் வெளிவந்த அறிக்கை ஒன்று அதற்கு டிரைபாலஜி என்று பெயர் வைத்தது. அதற்கு முன்பே, 1953இல் ஆர்ச்சர்ட் என்பவர் ஒரு சூத்திரம் தந்துவிட்டார். தேய்ந்துபோகும் அளவு, அழுத்தும் பாரத்தையும் உரசும் தூரத்தையும் பெருக்கி, பொருளின் கடினத்தால் வகுத்தால் வருவதற்கு ஏற்ப இருக்கும். பாரம், தூரம், கடினம். மூன்று வாசல்கள் இருக்கின்றன. பெற்றோர் கூட்டம் மொத்தமும் மூன்றாவது வாசலிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் என் கண்டுபிடிப்பு.

அந்த நெரிசலையும் பார்த்துவிடுவோம். கடைக்குப் போகும் தகப்பன் முதலில் ஷூவைக் கவிழ்த்து, அடியிலுள்ள கிளீட் முளைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். விற்பவரும் அதையே காட்டுகிறார். பெண் பார்க்கப் போன இடத்தில் கூரை ஓட்டை எண்ணிவிட்டு வந்த கதை. மண் தின்பது அடியை அல்ல, முனையின் மேற்புறத்தை. உலோக முளை வாங்கினால் தீரும் என்பாருக்கும் இதுவே விடை. தவிர, 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் உலோக முளைக்கு அமெரிக்கச் சாஃப்ட்பால் விதி இடம் தருவதில்லை. பார்க்க வேண்டியது, அடிப்பாகத்து ரப்பர் உதடுபோல மடிந்து முனைமேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை. வலைத்துணி முனை ஒரு மாதத்தில் சல்லடையாகும். செயற்கைத்தோல் தேவலை. முனைக்குக் குறுக்கே தையல் ஓடினால் வாங்கவே கூடாது. முதலில் நூல் அறும், பிறகு ஷூ முதலைபோல வாயைத் திறக்கும். இன்னொன்று: சிலர் நுனியால் இழுப்பார்கள், சிலர் கட்டைவிரலின் உட்பக்கத்தால். ஆகவே கடைக்குப் போகும்போது செத்துப்போன பழைய ஷூவையும் எடுத்துப்போவது நலம். பிரேதப் பரிசோதனை செய்யாமல் அடுத்த நோயாளிக்கு மருந்து எழுதக் கூடாது.

வாங்கிய பின் காப்பதில் கட்சிகள் பல. டக்ட் டேப் கட்சிக்கு வரலாற்றுப் பெருமை உண்டு. 1943இல் இல்லினாயில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைபார்த்த வெஸ்டா ஸ்டவுட் என்ற அம்மாள், பெட்டிகளை ஒட்டும் காகித நாடா கிழிந்துபோகிறது, போர்முனையில் நம் பிள்ளைகளுக்கு ஆபத்து, துணிநாடா செய்யுங்கள் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். அவருடைய மகன்கள் கடற்படையில் இருந்தார்கள். பிள்ளைக்காக ஒரு தாய் கேட்டு வாங்கிய நாடா அது. ஆனால் எல்லாத் தாய்மையும் இந்த மண்ணில் இரண்டு இன்னிங்ஸ்தான் தாங்கும்.

பசைக் கட்சி, இரண்டு குழம்பைக் கலந்து முனையில் அப்பி இறுகவிடும் பாலியூரித்தேனை நம்புகிறது. நல்ல சரக்கு, உண்மையிலேயே உழைக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். முனையில் ஓட்டை விழுந்ததோ, நாளைக் காலை எட்டு மணிக்கு ஆட்டம் என்கிற இரவில்தான் தெரியவரும். கவசக் கட்சி, ஷூ நாடாவில் கோத்துக்கொள்ளும் தோல் அல்லது பிளாஸ்டிக் மூடியைப் போற்றுகிறது. பிக்அப் வண்டியின் பின்தொட்டிக்குப் பூசும் தடித்த பூச்சை ஷூவுக்குப் பூசும் தீவிரவாதிகளும் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

ஆளில்லாத மற்ற இரு வாசல்களுக்கு வருவோம். தூரத்தைக் குறைப்பது எளிது. பயிற்சிக்குப் பழைய ஷூ, ஆட்டத்துக்கு மட்டும் கிளீட். வீட்டு வாசல் சிமெண்டில் வீசுவதானால் காலடியில் ஒரு பழைய கம்பளத் துண்டு. இதைச் சொன்னால் 'அவ்வளவுதானா' என்கிறார்கள். ஆய்வு முடிவுக்கு விலை இல்லையென்றால் மதிப்பும் இல்லை போலும்.

பாரம்தான் நுட்பமானது. பிட்ச் முடிந்ததும் தட்டுக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள். விரலால் கீறியது போல மெல்லிய கோடு இருந்தால் அவள் எடை முன்காலுக்குப் போய்விட்டது. ஏர் உழுத சால் போல ஆழமாக இருந்தால் எடை பின்னாலேயே தங்கி, விரல் நங்கூரமாகிவிட்டது. பந்தின் வேகமும் அங்கேயே புதைந்து கிடக்கிறது. நல்ல பயிற்சியாளர் ஷூவைப் பார்ப்பதில்லை, சாலைத்தான் பார்ப்பார். வியாதி இடுப்பில் இருக்க, தகப்பன் விரலுக்குப் பத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இனி என் முதன்மைக் கோட்பாடு. நெடுநாள் உழைக்கும் ஷூ வேண்டும் என்பதே தவறான வேண்டுதல். 11 வயதுக் கால் உள்ளிருந்து வளர்கிறது; மண் வெளியிலிருந்து தின்கிறது. முனையை இருபுறமும் இரண்டு விரோதிகள் நெருக்குகிறார்கள். இரண்டு வருடம் உழைக்கும் ஷூவை யார் போட்டுக்கொள்வது? ஓட்டை விழுவதும் ஷூ கடிப்பதும் ஒரே நாளில் நிகழும் ஷூவே இலட்சிய ஷூ. அந்நன்னாளை 'இருமுடிவுக் கூடல்' என்று வழங்குகிறேன். இதுவரை யாருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

மிச்சமிருப்பது அந்தப் புத்தம்புது இடது ஷூ. இடக்கையால் வீசும் சிறுமிக்கு இடது முனை தேயும், வலது மிஞ்சும். ஆகவே ஒரே அளவுக் கால், ஒரே மாடல், ஒரே நிறம், எதிரெதிர்க் கை என்று பொருத்தம் பார்த்து இரு குடும்பங்களை இணைத்தால், இரண்டு ஜோடி வாங்கிய செலவில் மூன்றாவது ஜோடி இலவசம். நூறு பேரில் பத்துப் பேர்தான் இடக்கையர் என்பதால் வரன் அமைவது அரிது. அமைந்தாலும் மூன்றாவது ஜோடியை யார் போடுவது என்பதில் சம்பந்திச் சண்டை நிச்சயம். கோட்பாட்டில் பிழையில்லை.

புறனடை. பின்கால் தரையை விட்டு எழும்பினால் தவறு என்ற பழைய விதியால்தான் இவ்வளவும். ஆண்களின் சர்வதேச ஆட்டத்தில் எழும்பலாம். 2024 பருவத்திலிருந்து அமெரிக்கக் கல்லூரிப் பெண்களும் எழும்பலாம் என்றாகிவிட்டது. என் வாழ்நாள் உழைப்பின் காலடி மண்ணை ஒரு விதிக்குழு கூடி உருவிவிட்டது. கல்லூரி மைதானங்களில் இத்துறைக்கு எதிர்காலம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பத்து வயதுக்காரிகள் விதிப்புத்தகம் படிப்பதில்லை. நேற்று மாலை, 35 அடித் தொலைவிலிருந்து வீசும் தட்டுக்கு முன்னால் ஒரு சால் கிடந்தது, நட்டால் முளைக்கும் ஆழத்தில். எதிரே, பந்து வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், கையுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, பசைக்குழாயின் மூடியைப் பல்லால் திருகிக்கொண்டிருந்தார்.