முட்டுக் கொடுத்தவருக்கு முதல் தட்டு

எங்கள் தங்கவயல் மாரிகுப்பத்தில் நன்றி எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான் ஏறும். வெள்ளைக்காரன் காலத்திலேயே அப்படித்தான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்ட இறங்கிய பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த எங்கள் முன்னோர் தட்டிச் சுவர் வைத்த லைன் வீடுகளில் குடியேறினார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் கான்ட்ராக்டர்களும் கிளார்க்குகளும் பழக்கூடை, கேக், கோழி என்று சுமந்துகொண்டு துரை பங்களாவுக்கு நடையைக் கட்டுவார்களாம். துரை கூடையைத் தொட்டாலே போதும், வருஷம் முழுக்க நிம்மதி. ஆயா சொல்லிச் சிரிப்பாள்: "ஏசுசாமி பொறந்தது மாட்டுக் கொட்டாயில. கூடை போனதெல்லாம் பங்களாவுக்கு!"

1956-ல் சுரங்கத்தை மைசூர் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் வந்தது. துரை போய் ஆபீசர் வந்தார். கூடைக்கு வழி பழகியிருந்ததால் அதே பங்களாவுக்கே போயிற்று.

சபையிலும் கதை அதுதான். டிசம்பரில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை ஆயர் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பார். பேர், காரணம், தொகை. ஆண்டவருக்குச் சொன்ன நன்றியை ஆண்டவரைவிடப் பக்கத்து பெஞ்சுக்காரர்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அஞ்சு ரூபாய்க்காரரைப் பத்து ரூபாய்க்காரர் திரும்பிப் பார்ப்பது ஆராதனை முறைமையில் எழுதாமல் விட்ட ஓர் அங்கம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வீட்டில் கல்கல் உருட்டுவோம். எண்ணெய் தடவிய புதுச் சீப்பில் மாவை வைத்து அழுத்தி, கட்டைவிரலால் ஒரு சுருட்டு. பல் வரிசை மாவில் கோடு கோடாக விழ வேண்டும். பண்டிகை முடிந்ததும் அந்தச் சீப்பு தலைக்கு வரும். ஜனவரி வரை எங்கள் முடியில் வனஸ்பதி வாசனை. கல்கல், அச்சு முறுக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்து, மேலே அம்மா பூத்தையல் போட்ட துணி மூடினால் தட்டு தயார். அது யார் வீட்டுக்கு முதலில் போவது என்பதில்தான் சண்டை.

"மேஸ்திரி வூட்டுக்கு மொதல்ல குடுத்துடலாங்க. ஷிப்ட்டு மாத்திக் கேக்கணும்னீங்களே" என்பாள் அம்மா.

நைனாவுக்கு சாம்பியன் ரீஃபில் வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. உள்ளே பாறை வெடித்து பர்ஸ்ட் ஆனால் இங்கே அலமாரியில் ஏனம் ஆடும்; பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். எதிர் லைனில் இருந்த மாமா டிம்பர்மேன். பாறை இறங்காமல் மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. முனீஸ்வரன் கோயிலில் சாமியாடுவார்.

நைனா ஒரே போடாகப் போடுவார்: "அவரு கீழ முட்டுக் குடுக்கிறதாலதான் நான் மேல சர்ச்சுல முட்டி போடுறேன். தட்டு மொதல்ல அங்க போவட்டும்."

போகும். வெறும் தட்டாகத் திரும்பாது. ஒரு கை சர்க்கரையோடு வரும். மேஸ்திரி வீட்டுத் தட்டு ஒரு மணி நேரம் தாமதம். நைனாவுக்கு ஷிப்ட் மாறவே இல்லை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புவது எங்கள் பிள்ளைகளின் பிழைப்பாயிற்று. கல்கல் இப்போது பெங்களூர் பேக்கரியிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. டப்பாவை யாரும் திருப்புவதில்லை. அதனால் சர்க்கரையும் மிச்சம். காணிக்கைக் கவர் போய் கியூ.ஆர். கோடு வந்துவிட்டது. பக்கத்து பெஞ்சுக்காரருக்குத் தொகை தெரிவதில்லை, பாவம்; ஸ்டேட்டஸில் போட்டுத்தான் அவருக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

நன்றிக்கு இன்று ஃப்ளெக்ஸும் உண்டு. ஒரு கம்பளியை ஆறு பேர் பிடித்திருப்பார்கள். ஏழாவதாக, சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போன ஒரு பெரியவர் இருமலை அடக்கிக்கொண்டு நிற்பார். போட்டோ முடியும்வரை இருமக் கூடாது.

இந்தக் கூத்துக்கு நடுவே கேரல் கோஷ்டிப் பிள்ளைகள் சிலர் வேறு வேலை பார்க்கிறார்கள். நாங்களெல்லாம் பலகாரம் எந்த வீட்டில் நன்றாயிருக்குமோ அங்கே அதிகமாகப் பாடியவர்கள். இவர்கள் தனியாய் இருக்கும் கிழவர் கிழவிகள் வீட்டிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு பாட்டு, பிறகு ஃபியூஸான பல்பை மாற்றி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்து, பெங்களூரிலிருந்து வாங்கிவர வேண்டிய மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொள்வார்கள். பென்ஷன்காரர் முகத்தை போனில் காட்டி உயிர்ச் சான்றும் எடுத்துத் தருகிறார்கள். பூமிக்கடியில் பிழைத்து வந்தவர், தான் உயிரோடிருப்பதை வருஷாவருஷம் சர்க்காருக்கு நிரூபிக்க வேண்டுமே! இருமல் வந்தால் பிள்ளைகள் போனை இறக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். டிம்பர் மாமா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அவர் எந்தச் சாமி என்று அவர்கள் கேட்கவில்லை.

இந்தச் செய்தி சபைக் கமிட்டி காதுக்கு எட்டிவிட்டது. பிள்ளைகளுக்குப் பாராட்டு விழாவாம்; பொன்னாடை, ஷீல்டு, ஃப்ளெக்ஸ் எல்லாம் உண்டாம். "அந்தக் காசுக்கு நாலு பேருக்கு மாத்திரை வாங்கலாமே" என்று எழுந்து சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். செயலாளர் அப்போதே என் பேரைக் குறித்துக்கொண்டார், விழாவில் நன்றியுரைக்கு.