கொஞ்சூண்டு மாமா

மதுரையில் தெருவுக்கு ஒரு பிள்ளையார் கோயில் இருக்கும், ஒரு பரோட்டாக் கடை இருக்கும், டயட்டில் இருக்கும் மாமா ஒருவரும் இருப்பார். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் என் வீட்டுக்காரர். நான் மாடி, அவர் கீழே. ஐந்தாம் தேதி வாடகை கொடுக்கப் போனால், "உக்காருங்க தம்பி. இனிப்பை விட்டு இன்னையோட இருபது நாளாச்சு" என்பார். போன மாதம் ஐந்தாம் தேதியும் இருபது நாள்தான் ஆகியிருந்தது. சொல்லும்போதே அவர் கடைவாயில் ஏதோ ஒன்று நிதானமாகக் கரைந்துகொண்டிருக்கும்.

முதலில் நானும் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷம் பழகிய பிறகு சொல்கிறேன், மாமா பொய்யே சொல்வதில்லை. கல்யாணப் பந்தியில் வைக்கிறார்களே ஜாங்கிரி, அது ஒன்றுதான் அவர் அகராதியில் இனிப்பு. மற்றதற்கெல்லாம் வேறு வேறு பெயர் உண்டு. கோயிலில் கொடுத்தால் பிரசாதம். சுக்கு போட்டிருந்தால் மருந்து. கடைக்காரர் கையில் வைத்தால் சாம்பிள். பேத்தி கடித்துப் போட்டது என்றால் மிச்சம், அதை வீணாக்குவது பாவம். இவற்றில் எதையும் அவர் "சாப்பிடுவதும்" இல்லை. "கொஞ்சூண்டு வாயில போட்டுக்குவேன், அம்புட்டுத்தேன்." மதுரைக்கு 2004இல் உயர் நீதிமன்றக் கிளை வந்தது. மாமா அதற்குள் வேறு வேலையில் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நீதிமன்றத்துக்கு அது நஷ்டம்.

எல்லாம் ஒரு ஸ்கேனில் ஆரம்பித்தது. கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்போதைக்கு முதல் கட்டம்தான், எட்டு கிலோ குறையுங்கள், சர்க்கரையைத் தொடாதீர்கள் என்றார் டாக்டர். வண்டி ஓட்டிக்கொண்டு போனவன் நான். திரும்பி வரும்போது விளக்குத்தூண் பக்கம் நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, ஜிகர்னா என்னன்னு தெரியுமா?"

"இதயம் மாமா."

"அது சினிமாக்காரய்ங்க சொல்றது. பாரசீகத்துல ஜிகர்னா கல்லீரல். தண்டான்னா இந்தியில குளிர்ச்சி. டாக்டர் எதைச் சரி பண்ணச் சொன்னாரோ, அதுக்குன்னே செஞ்சு வச்சிருக்காய்ங்க."

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். கல்லீரல் என்றுதான் போட்டிருந்தது. மாமாவிடம் இருக்கிற கஷ்டமே இதுதான். தகவல் எல்லாம் சரியாக இருக்கும். பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், தலையில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் என்று கண்ணாடித் தம்ளரில் அவர் கல்லீரல் வைத்தியம் வந்தது. டயட் என்பதால் பெரிய தம்ளர் வேண்டாம் என்றுவிட்டு, சின்னதில் இரண்டு வாங்கினார்.

அடுத்த வாரம் வீட்டில் வெள்ளைச் சீனிக்குத் தடை. கருப்பட்டி வந்தது. சீனியோ வெல்லமோ கருப்பட்டியோ, கிராமுக்கு ஏறக்குறைய நாலு கலோரிதான், உடம்பு நிறம் பார்ப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "சீனி மில்லுல செய்றது தம்பி, கருப்பட்டி மரத்துல இருந்து வருது" என்றார், கரும்பு ஏதோ பாறையில் முளைப்பதுபோல. சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வந்தால் ஒரு தம்ளர், நெஞ்சுச் சளிக்கு. சளி பிடிக்காத நாளில், பிடிக்காமல் இருப்பதற்கு.

பாவம், அவரை மட்டும் சொல்லியும் குற்றமில்லை. எடை குறைக்க நினைப்பவன் வசிக்கக்கூடிய ஊரா இது? பழநியிலிருந்து வருகிறவர் பஞ்சாமிர்தத்தோடு வருவார். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சம்பந்தி பால்கோவா இல்லாமல் படியேறியதில்லை. கோவில்பட்டியில் வேலை பார்க்கும் மருமகன் கையில் கடலைமிட்டாய். முதல் இரண்டுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கடலைமிட்டாய்க்கு 2020இல். பேப்பரில் படித்த மாமா அதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டார். "கவர்மெண்டே முத்திரை குத்திக் குடுத்திருக்கு, நீங்க என்னத்த குறை சொல்றீங்க?" போதாக்குறைக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பிரேம விலாஸ் அல்வா. அதைச் சுடச்சுடத் தின்ன வேண்டும் என்பதால், வீட்டுக்குக் கொண்டுவந்து அத்தை கண்ணில் படவைக்கும் சிக்கலே கிடையாது.

அத்தை லேசுப்பட்டவர் இல்லை. அதிரசத்தைச் சுட்டு எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு, அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து, மேலே மூன்று படி அரிசியும் கொட்டிவைப்பார். (டயட் வீட்டில் அதிரசம் எதற்கு என்று கேட்டேன். பேத்திக்காம். பேத்தி சென்னையில் இருக்கிறது, மே மாதம்தான் வரும். அப்போது ஐப்பசி.) ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மாடியில் படுத்திருக்கும் எனக்கே கேட்கும். முதலில் அரிசி சரசரவென்று சரியும். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. தூக்குவாளி மூடியைச் சத்தமில்லாமல் திறப்பது பெரிய வித்தை. வேட்டி முந்தியைச் சுற்றிப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே திருகு. மாமாவுக்கு அது முக்கால்வாசிதான் கைவந்திருந்தது. 'டங்'கென்று ஒரு சத்தம். உடனே அத்தை குரல்:

"என்னங்க அங்க?"

"பூனை."

"பூனையா பேசுது?"

"பூனையை விரட்டிக்கிட்டு இருக்கேங்கிறேன்!"

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. தனியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது. தெரியாத்தனமாக இதை மாமாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து ஆறு கரண்டி அவர் உரிமையாகிவிட்டது. எந்தக் கரண்டி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பால்கோவாவை அவர் எடுத்தது சாம்பார்க் கரண்டியில்.

பண்டிகைக் காலத்தில் வாதம் இன்னும் உயரே போகும். மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை படைப்பார்கள். "18 படி சாப்பிட்டும் அவரு வயித்தை ஒருத்தரும் ஸ்கேன் எடுக்கச் சொல்லலை. நான் நாலு கொழுக்கட்டை வாயில போட்டா ஊரே பாக்குது." சித்திரையில் அழகர் வரும்போது செம்பு நிறைய நாட்டுச்சர்க்கரை நிரப்பி, மேலே தீபம் ஏற்றி எதிர்கொள்வது இந்த ஊர் வழக்கம். மாமாவும் செம்பு எடுப்பார். தீபம் அணைந்தபின் செம்பில் இருப்பது பிரசாதம். அதை மறுக்க அவர் யார்? மண்டகப்படிக்கு மண்டகப்படி கொடுக்கும் பானகம், வெயிலுக்கு. தீபாவளிக்கு எல்லாப் பலகாரத்தையும் உறுதியாக மறுத்துவிட்டு, அவை செரிப்பதற்காகக் கிளறிய லேகியத்தை மட்டும் உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டார். லேகியம் முக்காலும் வெல்லமும் நெய்யும்.

எடை பார்க்க ஒரு மெஷின் வாங்கினார்கள். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவார், அதுவும் பாரம் என்று. கண்ணாடி இல்லாமல் எண் தெரியாது; அது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அந்தக் காலத்து ரயில்வே ஸ்டேஷன் மெஷின்தான் மெஷின் என்பார். காசு போட்டால் அட்டை விழும், ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். "ஒரு கெட்ட சேதி சொன்னா கூடவே ஒரு நல்ல சேதியும் சொல்லும் தம்பி. இது என்ன, வெறும் நம்பரைக் காட்டிக்கிட்டு!"

நடப்பதற்கென்று ஷூ ஒரு ஜோடி வாங்கியதும் நடந்தது. திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தைக் காலையில் நாலு சுற்று என்று திட்டம். பதினோரு நாள் நடந்தார். சுற்று முடியும் இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பன்னிரண்டாம் நாளிலிருந்து நேராக டீக்கடைக்கே போனார். அதற்குச் செருப்பு போதும். ஷூ அட்டைப்பெட்டிக்குள் திரும்பிப் போய்ப் பரணில் ஏறியது. இனி அந்தப் பெட்டியை இந்த வீட்டில் யாரும் திறக்கப் போவதில்லை என்பது எல்லாரையும்விட மாமாவுக்கு நன்றாகத் தெரியும்.

போன வாரம் கீழே தண்ணீர் மோட்டார் போடப் போனேன். அத்தை பரணை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்படி ஜன்னலில் தொடங்கி, சாமி படத்துக்குப் பின்னால் ஏறி, ட்யூப்லைட் வயரைப் பிடித்துக்கொண்டு, சிற்றெறும்புச் சாரை ஒன்று சுவரில் போய்க்கொண்டிருந்தது. முட்டுச்சந்து மாதிரி அது அட்டைப்பெட்டியில் போய் முடிந்தது. ஸ்டூலில் ஏறி நான்தான் இறக்கினேன். இடது ஷூவுக்குள் ஒன்றுமில்லை. வலது ஷூவுக்குள், நெய் ஊறிய பொட்டலத்தில், கால் கிலோ அல்வா.

மாமா பேப்பரை இறக்கவேயில்லை.

"மார்கழியில நீ எதுக்கு அரிசிமாவுல கோலம் போடுற?"

"எறும்பு தின்னட்டும்னு."

"அதேதேன். ஷூவுல வச்சா மிதிபடாமத் தின்னும்ல?"

அத்தை பொட்டலத்தைப் பிரித்து விளிம்பைக் கூர்ந்து பார்த்தார். "எறும்புக்குப் பல்லு இருக்கோ? இந்தா, கடிச்ச தடம் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கே."

"பெரிய எறும்பா இருக்கும்."

எறும்பைத் தட்டிவிட்டு ஓரமாக ஒரு விள்ளல் பிய்த்து அத்தை வாயில் போட்டுக்கொண்டார். நான் பார்ப்பது தெரிந்ததும், "கெட்டுப்போச்சான்னு பாக்குறேன் தம்பி" என்றார்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கெட்டுப்போச்சா?"

"தெரியலை. இன்னும் கொஞ்சூண்டு பாத்தாத்தேன் சொல்ல முடியும்."