பிளக்குக்கு வாஸ்து

ஏங்கண்ணு, பிளக்கோட பீங்கான்ல எதுக்கு மார்க்கர்ல கோடு போடற? அடியில வாய் எந்தப் பக்கம் தொறந்திருக்குதுன்னு அடையாளமா? செரி செரி. ஊட்டுக்கு ஈசானி மூலை பாத்தாச்சு, கெணத்துக்குப் பாத்தாச்சு, இப்பப் பிளக்குக்கும் வாஸ்து வந்துட்டுதாக்கும்.

நீ சொல்றது முழுப் பொய்யில்ல சாமி. அடியில வளைஞ்சு நிக்கற கம்பி மறைக்காத பக்கம் இன்டேக் வால்வைப் பாத்து நின்னா, உள்ள வர்ற பெட்ரோல் கலவைல பொறி தடையில்லாமப் படும்பாங்க. ரேஸ்காரங்க தினுசு தினுசான கனத்துல செம்பு வாஷர் வெச்சுக்கிட்டு, ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டு அந்தப் பக்கமே திருப்பி நிறுத்துவாங்க. செட்டிபாளையம் கரி டிராக்குல கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள செயிக்கிறவனுக்கு அது வேணும். நீ ஸ்ப்ளெண்டர்ல பால் கேன் கட்டிக்கிட்டு சொசைட்டிக்குப் போறவன். அதுவும் பால் வண்டி கெளம்புனதுக்கப்பறம்.

சாதா பிளக்குல வாய் எங்க நிக்கோணும்னு செஞ்சவனே கணக்குப் பாத்து மரை வெட்டறதில்ல. ஆனா நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். பிளக்கு இறுகி நிக்கறப்போ கோடு வேற பக்கம் பாக்கும். இன்னுங் கொஞ்சம்னு ஸ்பேனர்ல தொங்குவ. ஹெட்டு அலுமினியம் கண்ணு. மரை போச்சுன்னா லேத்துக்காரன் ஊட்ல அன்னைக்குக் கறிச்சோறு. இல்லீனா கோட்டுக்காகப் பின்னால திருப்பி லூசா உடுவ. பிளக்கோட சூடு வாஷர்லயும் மரைலயும்தான் ஹெட்டுக்கு எறங்கோணும். லூசா நின்னா எறங்காது. பிளக்கே பழுத்துப்போயி, பொறி வர்றதுக்கு முன்னாலயே கலவையப் பத்த வெச்சுரும். அப்பறம் பிஸ்டனுக்கு நீதான் அழுவோணும்.

எஞ்சின் ஆறட்டும். மொதல்ல கையாலயே திருகு. மரை கோணலா ஏறுனா விரலுக்குத் தெரியும், ஸ்பேனருக்குத் தெரியாது. வாஷர் உக்காந்ததும் புதுப் பிளக்குக்கு அரைச் சுத்து, மிஞ்சுனா அதுக்குக் கொஞ்சம் மேல. பழசையே திரும்பப் போட்டா வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கடியாரத்துல ஒரு மணி தாண்டற அளவு போதும். கேப்பு வண்டி புக்குல போட்டபடி இருக்குதான்னு கேஜ் உட்டுப் பாரு. கடைக்காரன் குடுத்த நம்பரக் கண்ண மூடி வாங்காத. என்ஜிகேல நம்பர் ஏற ஏறக் குளிர்ந்த பிளக்கு, பாஷ்ல ஏற ஏறச் சூட்டுப் பிளக்கு.

கழட்டுன பிளக்கு நுனியப் பாத்தியா? பிஸ்கட் கலர்ல இருக்கோணும், இது கருகருன்னு புகை படிஞ்சு கெடக்குது. காத்துப் போதாட்டி இப்படித்தான் ஆகும். நாலு கலர் லைட்டு மாட்டத் தெரிஞ்சவன், ஏர் ஃபில்டர் மூடிய ஒருக்காவாச்சும் தொறந்திருப்பியா? தொறக்கறப்போ தள்ளி நின்னு தொற. போன மாசம் அதுக்குள்ள எலி ஒண்ணு நொழைஞ்சதப் பாத்தேன். வெளிய வந்ததப் பாக்கல.