சுரங்கப்பாதை எங்கே சார்?

பள்ளிக்கூட லீவில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பழைய புத்தகக் கடையில் பைண்டு செய்த தொடர்கதை ஒன்று கிடைத்தது. ராஜேந்திர சோழன் காலத்துக் காதல். நாயகன் முதல் அத்தியாயத்தில் குதிரை ஏறியவன், முப்பதாவது அத்தியாயம் வரை இறங்கவே இல்லை. நாயகி எப்போதும் நிலா வெளிச்சத்தில்தான் காத்திருப்பாள். கங்கைகொண்ட சோழபுரத்தில் அமாவாசையே வராது போலிருக்கிறது!

அதை நம்பி ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இன்னொரு பஸ் பிடித்தேன். நாயகி நின்ற உப்பரிகையைத் தேடினால் மாளிகைமேடு என்றார்கள். போய்ப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குச் செங்கல். அங்கிருந்த பெரியவரிடம், "சுரங்கப்பாதை எங்கே சார்?" என்றேன். "ஒண்ணுக்குப் போகணும்னா அந்தப் பக்கம் தம்பி" என்றார்.

அரண்மனைதான் செங்கல், போகட்டும். கோயிலுக்குக் கருங்கல் மதிலாவது இருந்ததே? 1836இல் வெள்ளைக்காரர்கள் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். கல் தேவைப்பட்டது. பக்கத்திலேயே மதில் ரெடிமேடாக நின்றது. அப்புறம் என்ன, இடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். தடுத்த ஊர்க்காரர்களுக்குத் தண்டனை. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். எலெக்‌ஷன் இல்லாத காலத்திலேயே இப்படி ஒரு வாக்குறுதி!

கதையில் ராஜேந்திரர் கங்கையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாள் சுழற்றுவார். திருவாலங்காட்டுச் செப்பேட்டைக் கேட்டால் வேறு கதை. தண்ணீர் கொண்டுவரத் தளபதிதான் கங்கைக்குப் போனார். மன்னர் கோதாவரிக் கரையில் இருந்தார். வாட்டர் கேனுக்குத் தெருமுனை வரை போய் நிற்கிற மாதிரி! வந்த தண்ணீருக்காகச் சோழகங்கம் என்று ஓர் ஏரியே வெட்டி, இதுதான் என் வெற்றித்தூண், தண்ணீராலான தூண் என்றார். கற்பனையில் நம் தொடர்கதைக்காரர் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

காதலிலும் அப்படித்தான். 1018இலேயே மகன் ராஜாதிராஜனுக்கு முடிசூட்டி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட மனுஷர் இவர். அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, பரவை நங்கையைத் தேரில் ஏற்றிக்கொண்டு திருவாரூர்க் கோயிலுக்குப் போகிறார். ஊரே பார்க்க! அந்தம்மாவைக் கல்வெட்டு 'அணுக்கியார்', அதாவது நெருக்கமானவர், என்கிறது. மனைவி என்று சொல்லவில்லை, வெளியாள் என்றும் சொல்லவில்லை. ஃபேஸ்புக்கில் 'இட்ஸ் காம்ப்ளிகேட்டட்' என்று போடுகிறார்களே, அதற்கு இத்தனை அழகான தமிழ்ச் சொல் ஆயிரம் வருஷமாகச் சும்மா கிடக்கிறது.

இதில் சதி இல்லை, ஒற்றன் இல்லை, சுரங்கப்பாதையும் இல்லை. மன்னரும் பரவையும் சேர்ந்து நின்ற இடம் தெரிய வேண்டும் என்று அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்தார்கள். அதையும் மறக்காமல் கல்லில் வெட்டிவிட்டார்கள். செல்ஃபி ஸ்பாட்டுக்கு அரசாங்க ஆவணம்!

தொடர்கதைக்காரர் அந்த ஒரு விளக்கை வைத்தே முப்பது அத்தியாயம் ஓட்டியிருக்கலாம். குதிரையாவது கொஞ்சம் மூச்சு வாங்கியிருக்கும்.